சோற்றுப் பருக்கை ஒட்டிய பயோடேட்டா

நாச்சிமுத்துவின் மகள் ஜீவிதா கொடுத்த பயோடேட்டாவை நான் அடுக்கின் அடியில் வைத்தது ஒரு வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில் வந்து பார்த்தபோது அது அடுக்கின் மேலே இருந்தது, மறுபடி அடியில் வைத்தேன், மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தபோது மறுபடி மேலே இருந்தது. காற்று என்று நினைத்து ஃபேனை நிறுத்தினேன். நாலு கிலோ எடையுள்ள பம்பு மூடி ஒன்றைத் தூக்கி அடுக்கின் மேல் பாரமாக வைத்தேன். சாயங்காலம் ஷிஃப்ட் மணி அடிக்கும்போது அந்த மூடிக்கும் மேலே, மல்லாந்து, போட்டோவில் இருக்கிற பெண் என் முகத்தைப் பார்க்கிற மாதிரி அது கிடந்தது. சரி, இது மேலே வருகிற காகிதம் என்று தெரிந்துகொண்டு சைக்கிளை எடுத்து வீட்டுக்குப் போனேன்.

அடியில் ஏன் வைத்தாய் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

அவினாசி ரோட்டில் இருக்கிற ஒரு பம்பு கம்பெனியில் நான் பதினெட்டு வருடமாக வாட்ச்மேன். கம்பெனி பேரைச் சொல்ல மாட்டேன், அவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. வேலை தேடி வருகிற பிள்ளைகள் கேட்டில் என்னிடம்தான் பயோடேட்டா கொடுப்பார்கள். நான் அடுக்கி வைத்து, திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு அடுக்கோடு தூக்கிக்கொண்டு போய் எச்.ஆர். மேடம் மேசையில் வைப்பேன். மேடம் மேலே இருந்து இருபது எடுத்துக்கொள்வார். மிச்சம் முன்னூறோ நானூறோ, அப்படியே கேன்டீனுக்குப் போகும், வெள்ளிங்கிரி அதில் வடை மடித்துக் கொடுப்பான். ஆக, எந்தப் பிள்ளையின் பத்து வருடப் படிப்பு இருபதுக்குள் வரும், எது பருப்பு வடையின் எண்ணெயைக் குடிக்கும் என்பது என் கையில் இருந்தது. அறுபத்திரண்டு வயதில் என் கையில் இருந்த அதிகாரம் அவ்வளவுதான். அதை நான் வந்த வரிசை மாறாமல் நேர்மையாகத்தான் வைத்திருந்தேன். நாச்சிமுத்து மகளுக்கு மட்டும் மாற்றினேன்.

நாச்சிமுத்துவும் நானும் ஒரே மில்லில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் நின்றவர்கள், ஒரே தூக்குப்போசியில் சோறு தின்றவர்கள். மில் மூடினபோது இந்தப் பம்பு கம்பெனி அசெம்ப்ளியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவன் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து தொடை மேல் அட்டை வைத்து, எனக்கும் அவனுக்கும் இங்கிலீஷில் விண்ணப்பம் எழுதினான். அவன் எஸ்.எஸ்.எல்.சி. எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். இன்டர்வியூவுக்கு உள்ளே அவன் முதலில் போனான், பிறகு நான். வந்தவர்களிடம் எல்லாம் மெஷினைப் பற்றி மட்டும் கேட்ட அந்த அதிகாரி, என்னிடம் மட்டும் இங்கிலீஷ் எழுதின ஒரு வரைபடத்தை நீட்டி, "படிச்சுச் சொல்லு" என்றார். நான் மரம் மாதிரி நின்றேன். நாச்சிமுத்துவுக்கு உள்ளே வேலை கிடைத்தது, எனக்கு வாசல் கேட்டும் காக்கியும் கிடைத்தது. முதல் நாள் டீ நேரத்தில் வெள்ளிங்கிரி மடித்துக் கொடுத்த வடையைப் பிரித்தால், அது என்னுடைய விண்ணப்பம்.

எண்ணெயைத் துடைத்து அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்தேன். எனக்கு முன்னால் உள்ளே போன நாச்சிமுத்து, பின்னால் வருகிறவனுக்குப் படிக்கத் தெரியாது என்று சொல்லியிருக்கிறான். இல்லையென்றால் அத்தனை பேரில் என்னிடம் மட்டும் ஏன் படிக்கச் சொல்ல வேண்டும்? அன்றைக்கு விட்டது பேச்சு. ஒரே தெருவில் ஏழு வீடு தள்ளி இருந்துகொண்டு, ஒரே குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, கல்யாணப் பந்தியில் முதுகுக்கு முதுகு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு, பதினெட்டு வருடம் நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவன் மனைவி செத்துப்போய் ஆறு வருடம் ஆகிறது. இரண்டு வருடத்துக்கு முன்னால் சர்க்கரை முற்றி அவனுக்கு முழங்காலுக்குக் கீழே ஒரு காலை எடுத்துவிட்டார்கள். ஜீவிதாதான் காலையில் ஊசி போட்டு, தாங்கிப் பிடித்துக் குளிப்பாட்டி, நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் போவாள். மெக்கானிக்கல் டிப்ளமோ. ஓசூரில் ஒரு கம்பெனி ஆர்டர் கொடுத்துவிட்டது, அக்டோபர் ஒண்ணாம் தேதி சேர வேண்டும், ஹாஸ்டலில் தங்க வேண்டும். எங்கள் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது, வீட்டிலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரம். இது கிடைத்தால் அப்பனோடு இருப்பாள். கிடைக்காவிட்டால் ஒற்றைக்கால் மனிதன் ஒரு வீட்டிலும், ஊசி ஒரு டப்பாவிலும் கிடக்கும்.

"பசை தீந்துருச்சுங்க மாமா, போட்டோவச் சோத்துப் பருக்கையில ஒட்டுனேன். காயறவரைக்கும் மடிச்சுராதீங்க" என்று சொல்லித்தான் அதைக் கொடுத்தாள். அவள் அப்பனோடு நான் பேசாவிட்டாலும், சின்ன வயதிலிருந்து அவள் என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள், அதை நிறுத்தச் சொல்ல எனக்கு ஒரு சந்தர்ப்பம் வாய்க்கவில்லை.

முதல் திங்கட்கிழமை மேடம் அதை எடுத்து, அனுபவம் இல்லை என்று அடுக்கின் நடுவில் செருகினார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால் மேலே இருந்தது. இரண்டாவது திங்கட்கிழமையும் அப்படியே. "செக்யூரிட்டி, யாருக்கோ சிபாரிசு பண்றீங்களா?" என்றார். என் வாழ்க்கையில் எனக்கு யாரும் சிபாரிசு செய்ததில்லை, நானும் செய்ததில்லை. அவர் கெட்டவர் இல்லை, அவர் மேல் எனக்கு மூன்று கோபம்தான், அதில் ஒன்று, என் பேரைக் கேட்காமல் செக்யூரிட்டி என்று கூப்பிடுவது. ஜீவிதாவின் காகிதத்தை அவர் மடிக்காமல் கேன்டீன் கட்டில் போட்டார்.

வெள்ளிங்கிரி இருபத்தைந்து வருடம் காகிதத்தோடு பிழைத்தவன். காலை வடைக்குக் கட்டின் மேலே இருந்த காகிதத்தை எடுத்தான், ஜீவிதா சிரித்தாள். அவளைப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தான், அதுவும் ஜீவிதா. நாற்பது வடை மடிக்கிறவரை பார்த்துவிட்டு, அதைத் தனியாக எடுத்துத் துணியால் துடைத்து என்னிடம் கொண்டுவந்தான்.

"ஏனுங்ணா, இந்தப் புள்ள மேல வராம வுடமாட்டீங்குது. வடை சுத்தற காயிதமில்ல இது."

"எங்கியாச்சும் போடு."

"எங்க போட்டாலும் மேலதான வரும்" என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் யோசித்து, "எம்பட தம்பி ஜாதகத்த இதுக்கு அடியில வெச்சுத் தெச்சா என்னாகும்?" என்று கேட்டான்.

அப்படித்தான் ஊருக்குள் அது போனது. வெள்ளிங்கிரியின் தம்பி கதிர்வேலுக்கு முப்பத்தேழு வயது, லேத் பட்டறையில் வேலை, ஜாதகம் தரகர் பையில் ஒன்பது வருடமாக அடியிலேயே கிடந்தது. ஜீவிதாவிடம் கேட்டுவிட்டு பயோடேட்டாவை அதன் மேல் ஒரு குண்டூசி போட்டுக் குத்தினார்கள், தரகர் எந்த வீட்டில் பையைத் திறந்தாலும் கதிர்வேல்தான் முதலில் வந்தான், மூன்றாவது வீட்டில் பெண்ணே அலுத்துப் போய், "இவரே இருக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டது. நிச்சயத் தட்டில் வெற்றிலை பாக்குக்கு மேலே ஜீவிதாவின் பயோடேட்டாவையும் வைத்தார்கள், வைக்காவிட்டாலும் வந்திருக்கும், அதில் ஓரமாக மஞ்சள் பட்டது. பிறகு பால் சொசைட்டி சுவரில் ஒரு அட்டவணை மாட்டினார்கள், செவ்வாய் யாருக்கு, புதன் யாருக்கு என்று. ட்ரான்ஸ்ஃபார்மர் மாற்றச் சொல்லிக் கொடுத்த கடிதம், விதவைப் பென்ஷன் மனு, எல்.கே.ஜி. அட்மிஷன் ஃபாரம், கேஸ் கனெக்‌ஷன், எல்லாம் அவள் முகத்துக்குப் பின்னால் ஒவ்வொரு குண்டூசியாக நின்று மேலே போயின. ஜெராக்ஸ் எடுத்துப் பார்த்தார்கள், அது வெறும் காகிதமாகக் கிடந்தது. கோயில் பூசாரி மட்டும், வேண்டுதல் சீட்டுப் பெட்டிக்குள் அதைப் போட விடவில்லை. "அம்மன் படிக்கிற வரிசை அவ இஷ்டம், அங்க போயி முண்டக் கூடாது" என்றார். சாயங்காலத்தில் ஜீவிதா தெருவில் நடந்துகொண்டே, "அக்கா, இன்னிக்கு நானு யார் ஊட்டுல இருக்கறேன்?" என்று கேட்பாள், யாராவது ஒரு ஜன்னலில் இருந்து, "இங்கதான் அம்மிணி, ஊறுகா பட்டுருச்சு, தொடைச்சுத் தாரேன்" என்று பதில் வரும்.

திங்கட்கிழமை மட்டும் அவளுடையது என்று ஏற்பாடு. அதிலும் ஒரு திங்கட்கிழமையை அவள் விட்டுக்கொடுத்தாள். எங்கள் தெருவுக்குப் பதினாறு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வந்துகொண்டிருந்தது, கலெக்டர் ஆபீஸில் மனு வாங்குவது திங்கட்கிழமை. ஆயிரத்துச் சொச்சம் மனுவுக்கு மேலே போய் உட்கார்ந்தது எங்கள் தெரு மனு, ஒன்பதாவது நாள் குழாயில் தண்ணீர் வந்தது. பெண்கள் ஜீவிதா வீட்டு வாசலில்தான் முதல் குடத்தை இறக்கினார்கள். கலெக்டர் ஆபீஸிலிருந்து திரும்பிய பயோடேட்டாவில், அவள் நெற்றிக்கு மேலே, 'பெறப்பட்டது' என்று நீல முத்திரை விழுந்திருந்தது.

எல்லோருக்கும் எல்லாம் கிடைத்தது, அவளுக்கு மட்டும் வேலை கிடைக்கவில்லை.

அதற்கும் ஊர்தான் காரணம். சூட்சுமம் சோற்றுப் பருக்கையில்தான் இருக்கிறது என்று யாரோ சொல்லிவிட, சூலூரிலிருந்து பெருந்துறை வரை வேலை தேடுகிற பிள்ளைகள் எல்லாம் சோற்றுப் பருக்கையால் போட்டோ ஒட்டினார்கள், பொன்னி அரிசியா, ரேஷன் அரிசியா என்று அதில் இரண்டு கட்சி, ஒருவன் தக்காளிச் சோற்றில் ஒட்டிக்கொண்டு வந்தான். அந்தக் காகிதங்கள் ஒன்றும் மேலே வரவில்லை, எறும்புதான் வந்தது. கேட்டிலிருந்து கிளம்பி, படி ஏறி, எச்.ஆர். ரூம் கதவுக்கு அடியில் நுழைந்து, மேடத்தின் கீபோர்டுக்குள் குடியிருக்க ஆரம்பித்தது. மேடம் செப்டம்பர் இருபது வாக்கில் ஒரு திங்கட்கிழமை, கையைச் சொறிந்துகொண்டே அடுக்கை என் முன்னால் தட்டினார்.

"எட்டு வாரமா அதே பொண்ணு மேல. மேல இருக்கறதெல்லாம் சிபாரிசு. இனிமே நான் கீழ இருந்துதான் இருபது எடுப்பேன். கீழ இருக்கறவங்களுக்கும் ஒரு நியாயம் வேணும்ல?"

இந்த வார்த்தையைப் பதினெட்டு வருடத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் நான் அவர் காலில் விழுந்திருப்பேன். அன்றைக்கு அது ஜீவிதாவின் தலையில் விழுந்தது. கீழே இருந்து இருபது எடுத்தார்கள், மேலே இருந்த அவள் கேன்டீனுக்குப் போனாள். அக்டோபர் ஒண்ணாம் தேதிக்கு முன்னால் இன்னும் ஒரே ஒரு திங்கட்கிழமைதான் மிச்சம்.

சனிக்கிழமை அவள் கேட்டுக்கு வந்தாள். கையில் அந்தக் காகிதம், குண்டூசி குத்திக் குத்திச் சல்லடையாக இருந்தது.

"மாமா, மொத வாரம் அடியில வெச்சீங்கல்லங்க, அதே மாதிரி இந்த வாரமும் வெச்சுருங்க."

எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. "உனக்கு யாரு சொன்னது?"

"அப்பாதான். 'சென்னியப்பன் அடியிலதான் வெப்பான், அவனெடத்துல நானிருந்தாலும் அங்கதான் வெப்பேன், நீ ஒண்ணும் நெனச்சுக்காத'ன்னாரு."

"வெச்சா நிக்க மாட்டீங்குதே அம்மிணி."

"மாமா நெனச்சா நிக்கும்ங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டாள். திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. நானும் அடுக்கும் மட்டும். அடியில் வைத்து மேலே மோட்டார் பாடியை ஏற்றினேன், வந்தது. நாலு பக்கமும் டேப் ஒட்டினேன், டேப்போடு வந்தது. நானே அடுக்கின் மேல் ஏறி உட்கார்ந்தேன், சட்டைப் பையில் என்னவோ குத்துகிறது என்று பார்த்தால் அவள். அப்போதுதான் எனக்கு என் பெட்டி ஞாபகம் வந்தது.

அந்த விண்ணப்பத்தைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஸ்டோரில் ஹெல்பர் வேண்டும், பெயின்ட் ஷாப்பில் ஆள் வேண்டும் என்று உள்ளே எப்போது இடம் காலியானாலும், நான் வெட்கத்தை விட்டு அதை எடுத்துக்கொண்டு வந்து, என் கையாலேயே அடுக்கின் உச்சியில் வைப்பேன். திங்கட்கிழமை காலையில் அது அடியில் இருக்கும். பதினோரு தடவை அப்படி. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. மேலே வருகிற காகிதத்தைத்தான் நாங்கள் புதிதாகப் பார்த்தோம், கீழே போகிற காகிதம் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒன்று இருக்கிறது.

சைக்கிளில் போய் அதை எடுத்துவந்தேன். வடை எண்ணெயில் கண்ணாடி மாதிரி ஆகியிருந்த அந்தக் காகிதத்தை ஜீவிதாவின் முகத்துக்கு மேலே வைத்து, ஒரே குண்டூசியால் இரண்டையும் சேர்த்துக் குத்தி, அடுக்கின் நட்ட நடுவில் செருகினேன். பத்து மணிக்கு அது மேலே ஏறியது. பதினொன்றுக்குக் கீழே இறங்கியது. ஒரே நுகத்தில் பூட்டி ஒன்று மேட்டுக்கும் ஒன்று பள்ளத்துக்கும் இழுக்கிற மாடுகள் மாதிரி மத்தியானம் முழுக்க அந்த அடுக்கு மூச்சு விட்டுக்கொண்டே இருந்தது, நான் சோற்றைக்கூடத் திறக்காமல், "எறங்கு, எறங்கு, இத்தன வருசம் எறங்குனயே, இன்னிக்கு எறங்கு" என்று என் காகிதத்திடம் கெஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது தோற்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அன்றைக்குத்தான். நாலு மணி சுமாருக்குப் பதினெட்டு வருடப் பழக்கம் ஜெயித்தது. இரண்டும் சேர்ந்து அடியில் போய்ப் படுத்தன.

திங்கட்கிழமை மேடம் அடியிலிருந்து எடுத்தார். முதலில் வந்தது என்னுடையது.

"என்ன இது, இவ்வளவு எண்ணெய்? யார் இந்த சென்னியப்பன்?"

"நான்தானுங்க."

அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அவர் வேலைக்கு வந்த இரண்டு வருடத்தில் அன்றைக்குத்தான் முழுதாகப் பார்த்தார். பிறகு படித்தார். "சென்னியப்பன், நீங்க எட்டாவது பாஸா? இங்கிலீஷ் படிப்பாருன்னு எழுதியிருக்கு. அப்புறம் ஏன் இவ்வளவு வருஷமா கேட்டுல இருக்கீங்க?"

என் காதில் மில் சங்கு மாதிரி ஏதோ ஊதியது. மேடம் என் விண்ணப்பத்தைத் திருப்பினார், அதன் பின்னால் மஞ்சளும் ஊறுகாயும் முத்திரையுமாக ஜீவிதா இருந்தாள். "இது இந்த கண்டிஷனுக்கு எப்படி வந்துச்சு?"

"கேட்டவங்களுக்கெல்லாம் குடுத்துச்சுங்க, அப்பிடி ஆயிருச்சு" என்றேன்.

அன்றைக்கே அவளைக் கூப்பிட்டார்கள். நாற்பது வார்ப்புக் காஸ்டிங்கைக் கொட்டி, அளந்து பார்க்க வெர்னியரைக் கையில் கொடுத்தார்கள். எது தேறாது என்று இன்ஜினியர் முன்பே மூன்றைக் குறித்து வைத்திருந்தார். ஜீவிதா நான்கை எடுத்து வைத்தாள். நான்காவதை இன்ஜினியர் மூன்று தடவை அளந்துவிட்டு, தன் குறிப்பைத் திருத்தினார். மறுநாளே சேரச் சொல்லிவிட்டார்கள். "காயிதம் மேச வரைக்குந்தானுங்ணா கொண்டாந்து வுடும், அதுக்கு மேல அந்தப் புள்ளதான் போச்சு" என்று வெள்ளிங்கிரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். அது நான் யோசித்து வைத்திருந்தது, அவன் முந்திக்கொண்டான். அது தனிக் கோபம்.

சாயங்காலம் நான் நாச்சிமுத்து வீட்டுக்குப் போனேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அவன் நாற்காலியில் உட்கார்ந்து, ஒற்றைக் காலை முக்காலி மேல் நீட்டி, முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தான். அடுப்படியிலிருந்து ஜீவிதா எட்டிப் பார்த்தாள். பதினெட்டு வருடத்துக்கு எத்தனையோ பேச்சு நான் சேர்த்து வைத்திருந்தேன், குளிக்கும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்த பேச்சு. வாயைத் திறந்தபோது வேறுதான் வந்தது.

"எட்டாவதுன்னு ஏண்டா எழுதுன?"

அவன் கீரையை உருவுவதை நிறுத்தவில்லை. "அதுல என்ன இப்போ?"

"நானு நாலாவதுடா! எட்டாவது, இங்கிலீஷ் படிப்பான்னு நீ எழுதுனதாலதாண்டா அந்தாளு எனக்கு மட்டும் படத்த நீட்டுனான்! உள்ள போயி நீ என்னையப் பத்திப் போட்டுக் குடுத்துட்டன்னு பதினெட்டு வருசமா..."

"போட்டுக் குடுத்தனா?" அவன் கை நின்றது. "அப்ப அதுக்கா நீயி பேசாம இருந்த? உள்ள எடம் கெடைக்கலீங்கற பொறாமையின்னுல்ல நானு நெனச்சுட்டு இருந்தேன்!"

ஜீவிதா அடுப்பை அணைத்துவிட்டாள். நாச்சிமுத்து கீரைக் காம்பு ஒன்றை விரலில் சுற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னான்:

"பஸ் ஸ்டாப்புல குந்தி நாலுன்னுதான்டா எழுதப் போனேன். கை வருல. அத ரெட்டிச்சு எட்டாக்கிப் போட்டேன்."

நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். கீரையில் பாதியை அவன் என் பக்கம் தள்ளினான். உருவ ஆரம்பித்தேன்.

அந்தப் பழைய கோபத்தை அங்கேயே இறக்கி வைத்துவிட்டேன், பதினெட்டு வருடம் சுமந்ததில் தோள் காய்த்துப் போயிருந்தது. ஆனால் வெறும் தோளோடு எனக்கு நடந்து பழக்கமில்லை. அதனால், கேட்காமல் என்னை எட்டாவது பாஸாக்கினதற்கு அவன் மேல் புதிதாக ஒன்று வைத்திருக்கிறேன். இது லேசானதுதான். தினமும் சாயங்காலம் போய் அவனிடமே அதைச் சொல்லிவிட்டு, அவன் மகள் போட்டுத் தருகிற காப்பியைக் குடித்துவிட்டு வருகிறேன்.